விரையும் நாடியும் நிதான மூச்சும்



மலைக்கோயிலின் படிகளில் ஏறிவந்து, மண்டபத் தூணில் சாய்ந்து அமரும் அன்பர்கள் பலர், மார்பின்மேல் கைவைத்துச் சற்று நேரம் மௌனமாய் இருப்பதைக் கண்டிருக்கிறோம். படியேறிய பின் இதயம் விரைந்து துடிப்பது இயல்பு. சில நிமிடங்களில் அது தானே தணிந்துவிடும், கவலை வேண்டுவதில்லை. ஆனால் படி எதுவும் ஏறாமல், பாரம் எதுவும் சுமவாமல், வீட்டுத் திண்ணையில் வாளா அமர்ந்திருக்கும்போதே நாடி விரைந்தோடுமாயின் அதன் காரணம் யாது, இயற்கை வழியில் அதனைத் தணிக்க இயலுமா என்பதை இப்பகுதியில் காண்போம்.

ஓய்வாய் இருக்கும் முதிர்ந்த வயதினரின் இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை வரை துடிப்பது இயல்பான அளவு என்பர் மருத்துவர். நாள்தோறும் நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்க்கு 50-க்கும் கீழே இருத்தல் உண்டு. நிமிடத்திற்கு 72 என்று கொண்டால் ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்புகள் ஆகின்றன. அதுவே 84 ஆகுமானால் 1,20,960. பன்னிரண்டு துடிப்பு என்பது சிறிதாய்த் தோன்றினும், ஒரு நாளில் 17,280 முறை கூடுதலாய் அவ்வுறுப்பு உழைக்கின்றது. இதில் மற்றொரு நுட்பமும் உளது. இதயம் உடல் முழுதுக்கும் குருதியை அனுப்புவது சுருங்கும்போது. தனக்குரிய குருதியைப் பெரும்பாலும் பெறுவதோ விரியும்போது. துடிப்பு விரைய விரைய, விரிந்திருக்கும் நேரமே மிகுதியும் குறைகின்றது. அதாவது, வேலை கூடுகின்ற வேளையில் தன் உணவுக்கான நேரம் குறைகின்றது.

இதயத்தின் வலது மேலறையில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு கணு ஒன்று உளது. அதனைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிப்பை எழுப்பும். அவ்வாறு ஓடாமல் இழுத்துப் பிடிப்பது மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கிவரும் வேகஸ் என்னும் நரம்பு. குதிரைக்குக் கடிவாளம் போன்றது இது. அச்சம், சினம், வலி, உறக்கமின்மை ஆகியவற்றால் கடிவாளம் தளர்கின்றது, குதிரை விரைகின்றது. இயற்கை வழிகள் என்று நாம் பேசப்போகும் பலவும் இக்கடிவாளத்தை மீண்டும் கைக்கொள்ளும் வழிகளே.

நாடியை எண்ணும் முறை

முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சித்த மருத்துவர் மூன்று விரல்களை வைத்து வளி, அழல், ஐயம் என்னும் மூன்றையும் தேர்வர். அது தனிக் கலை. நாம் ஈண்டுக் கூறுவது எண்ணிக்கை மட்டுமே. காலையில் விழித்ததும், காபி அருந்துமுன், சில நிமிடங்கள் அமைதியாய் அமர்க. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, மணிக்கட்டில் கட்டைவிரலின் பக்கமாக, மற்றொரு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்லப் பதிக்க. கட்டைவிரலால் பார்த்தலாகாது, அதன் துடிப்பே குழப்பும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதும் எண்ணுக. பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவாரும் உளர். துடிப்பு தவறித் தவறி வருகின்றதா என்பது அதில் புலப்படாமற் போகும். ஏழு நாள் இவ்வாறு எண்ணிக் குறித்துக்கொண்டால் தம் இயல்பான அளவு இன்னது என்பது விளங்கும்.

நாடியைக் காட்டும் கைக்கடிகாரம் இன்று பலரிடத்தும் உளது. நன்றே. ஆயின் நாழிகைக்கு ஒருமுறை அதைப் பார்த்து, எண் ஏறிற்றே என்று அஞ்சி, அவ்வச்சத்தாலேயே மேலும் ஏற்றிக்கொள்வாரைக் கண்டிருக்கிறேன். நாளைக்கு ஒருமுறை போதும்.

மூச்சின் வழி

மூச்சை உள்ளே இழுக்கும்போது நாடி சற்று விரையும். வெளியே விடும்போது தணியும். விரலை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு ஆழ்ந்து மூச்சு விட்டுப் பார்ப்பவர், குறிப்பாக இளைஞர், இதனைத் தாமே உணரலாம். ஜெர்மானிய அறிஞர் கார்ல் லுட்விக் 1847-ஆம் ஆண்டில் இதனைக் கருவியால் வரைந்து காட்டினார். மூச்சு வெளியேறும்போதே கடிவாளம் இறுகுகின்றது என்பதால், வெளிமூச்சை நீட்டுவதில்தான் பயன் உளது. இங்கே திருமூலரை நினையாதிருக்க இயலவில்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அவர் வகுத்த அளவில் பூரகம் 16 மாத்திரை, கும்பகம் 64, இரேசகம் 32. வெளிவிடும் காலம் உள்ளிழுக்கும் காலத்தைப்போல் இருமடங்கு! எனினும், நூலில் உள்ளதென்று 64 மாத்திரை மூச்சை அடக்க எவரும் தாமே முயலலாகாது. அது குருவின் அருகிருந்து பயில வேண்டியது. குருதி அழுத்தம் உடையோரும், இதய நோயுற்றோரும், கருவுற்ற தாய்மாரும் மூச்சை அடக்குதலை விட்டுவிடுதலே தக்கது.

எளியோர்க்கு எளிய முறை இது. முதுகு நிமிர்ந்து அமர்க. மூக்கின் வழியே, வயிறு மெல்ல எழும்பும்படி, நான்கு எண்ணும் அளவு மூச்சை இழுக்க. எங்கும் நிறுத்தாமல், ஆறு எண்ணும் அளவு மெல்ல விடுக. ஓர் எண் ஒரு நொடியெனக் கொண்டால் நிமிடத்திற்கு ஆறு மூச்சு ஆகும். காலையும் மாலையும் பத்து நிமிடம் போதுமானது. தலை சுற்றினாலோ விரல் நுனி மரத்தாலோ மூச்சை வேண்டிய அளவுக்கு மேல் வாங்குகின்றோம் என்பது பொருள். நிறுத்திவிட்டு இயல்பாய் மூச்சு விடுக.

எண்ணிக்கொண்டிருத்தல் சலிப்பைத் தருமாயின், வாய்விட்டு ஓதுதலே போதும். ஓதுவார் ஒருவர் பதிகம் பாடுவதைக் கூர்ந்து நோக்குக: மூச்சை இழுப்பது நொடிப்பொழுது, விடுவதோ ஓரடி முழுதும். இத்தாலி நாட்டின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லூசியானோ பெர்னார்டி என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும், நலமுடைய 23 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்த்தி 2001-இல் வெளியிட்டனர். கிறித்தவர் ஜெபமாலையில் சொல்லும் இலத்தீன் ஜெபத்தையும், திபெத்திய பௌத்தரின் மந்திரத்தையும் ஓதச் செய்தபோது, இரண்டிலுமே மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு என்னும் அளவுக்குத் தானே இறங்கிற்று. இதயத்தின் தாளமும் அதற்கு இயைந்தது. எம்மொழியில் எப்பெயரைச் சொல்லினும் உடல் ஒன்றேபோல் இணங்குகின்றது என்பது எனக்குப் பெரும் வியப்பையும், உண்மையைச் சொன்னால், சிறிது மகிழ்ச்சியையும் தந்த செய்தி. ஒன்று மட்டும் கருத்தில் இருத்துக. விரைந்து விரைந்து எண்ணிக்கையை முடிக்கும் ஓதலில் இப்பயன் இல்லை.

நடையும் பிறவும்

மூச்சுப் பயிற்சி அப்போதைக்குத் தணிவு தரும். நாடியின் அடிப்படை அளவையே குறைப்பது நடை. நாள்தோறும் நடப்பவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியை வெளியேற்றப் பழகுகின்றது. ஆகவே குறைந்த துடிப்புகளே போதுமாகின்றன. வாரத்திற்கு 150 நிமிடம் விரைநடை வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. நாளைக்கு அரைமணி, வாரத்தில் ஐந்து நாள். உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுவே தக்க வேகம். திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஆண்டுக்கு ஒரு பௌர்ணமியன்று அதனைச் சுற்றிவந்து மறுநாள் முழுதும் படுத்திருப்பதினும், தம் ஊர்த் தெருவில் தினமும் நடப்பதே இதயத்திற்கு உகந்தது. பயன் ஓரிரு நாளில் தெரியாது. சில வாரங்கள் ஆகும். குறைவதும் சில துடிப்புகளே. முப்பது நாற்பது குறையும் என்று எவரேனும் உறுதி கூறினால் நம்பற்க.

புகையிலை எவ்வடிவினதாயினும் நாடியை விரைவிக்கும். பீடி, சிகரெட்டு மட்டுமன்று. வெற்றிலையோடு சேர்த்து மெல்லுவதும், பல்லிடுக்கில் அடக்குவதும் அவ்வாறே. இதனை விட்டொழிப்பதற்கு ஈடான இயற்கை மருத்துவம் வேறில்லை. காபி, தேநீர் ஆகியவற்றை மாலைக்குப் பின் தவிர்த்தல் உறக்கத்திற்கும் துணையாகும். உறக்கம் ஏழு மணிநேரத்திற்குக் குறைதல் நன்றன்று. நீர் குறைந்தாலும் நாடி விரையும். கோடையில் நெடுவரிசையில் நிற்போரும் விரதமிருப்போரும் நீர் அருந்தாமல் இருத்தல் வேண்டா.

தணிக்கலாகாத விரைவு

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்தி. என் தமக்கையாருக்கு நாற்பத்தாறு வயதில் நாடி விரையத் தொடங்கிற்று. ஓய்வில் 104. மூச்சுப் பயிற்சியில் எனக்கிருந்த நம்பிக்கையால் நானே அவருக்கு அதனைக் கற்பித்தேன். மூன்று திங்கள் ஒருநாளும் தவறாமல் செய்தார். அமர்ந்திருக்கும்போது சற்றுத் தணியும். எழுந்து இரண்டு குடம் நீர் எடுத்தால் முன்போலவே படபடக்கும். "உன் பயிற்சியை நான் சரியாகச் செய்யவில்லை போலும், தம்பி" என்று தம்மையே நொந்துகொண்டார். பின்னர் இரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 8.4 கிராம், பெண்களுக்குக் குறைந்தது 12 இருத்தல் வேண்டும். மாதவிலக்கில் மிகுதியாய்க் குருதி போனதை அவர் எவரிடமும் கூறியிருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் பொருள் குறைந்தமையால், இருப்பதைக் கொண்டே உடலைக் காக்க அவ்விதயம் விரைந்தோடிற்று. அதனைப் போய் நான் அடக்கப் பார்த்தேன். மூன்று திங்கள் வீணாயிற்று, அக்குற்றம் என்னுடையது. குருதிப்போக்கிற்குரிய மருத்துவமும் இரும்புச்சத்து மாத்திரைகளும் பெற்றபின், நாடி எண்பதுக்குக் கீழே தானே இறங்கிற்று.

இது அரிதான நிகழ்ச்சியன்று. 2019–21 ஆண்டுகளில் நிகழ்ந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர். தைராய்டு சுரப்பி மிகுந்து சுரத்தல், காய்ச்சல், இதயத்தின் தாளக்கோளாறு ஆகியவற்றாலும் நாடி விரையும். இழுப்பு நோய்க்கு உறிஞ்சும் மருந்தும், மூக்கடைப்புக்குரிய சில மாத்திரைகளும் அவ்வாறு செய்யும். ஆகவே பல நாள் தொடர்ந்து ஓய்வில் 100-க்கு மேலிருப்பின், முதலில் காரணத்தைத் தேர்ந்தறிதல் வேண்டும். பயிற்சி அதன் பின்னரே.

"இயற்கை" என்னும் சொல்லைக் குறித்தும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. நந்தவனத்து அரளி இயற்கையானதே. இதயத்தின் துடிப்பைக் குலைத்து உயிரையே போக்கவல்ல நஞ்சு அதன் எல்லாப் பகுதிகளிலும் உளது. மாலைக்கு ஆகும், கஷாயத்திற்கு ஆகாது. மருதம்பட்டையை இதயத்திற்கு நல்லதென்று காய்ச்சிக் குடிப்போர் உளர். முன்பே வேறு மருந்து உட்கொள்வோர் பதிவுபெற்ற சித்த மருத்துவரையோ தம் மருத்துவரையோ கேளாமல் அதனைத் தொடங்குதல் கூடாது. நாடியைத் தணிக்க மருத்துவர் முன்னரே மாத்திரை தந்திருப்பின், மூச்சுப் பயிற்சி தொடங்கிவிட்டோம் என்று அதனைத் திடீரென நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் துடிப்பு முன்னிலும் விரைந்தெழும்.

விரைந்த துடிப்போடு மார்புவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இவற்றுள் ஒன்று சேருமாயின் அமர்ந்து மூச்சு எண்ணுதற்குரிய நேரம் அதுவன்று. உடனே 108-ஐ அழைக்க. காரணமின்றி உடல் மெலிதல், கைநடுக்கம், துடிப்பு ஒழுங்கின்றித் தவறி வருதல் ஆகியவை இருப்பின் நாள் கடத்தாமல் மருத்துவரைக் காண்க. செல்லும்போது, ஏழு நாள் நாடியைக் குறித்த தாளையும், உட்கொள்ளும் மாத்திரை, சூரணம், லேகியம் அனைத்தையும் ஒரு பையில் எடுத்துச் செல்க. பெண்மணிகள் மாதவிலக்கைப் பற்றி மருத்துவர் கேளாவிடினும் தாமே கூறுக.