நல்ல சீட்டு வந்தால் ஜெயித்துவிடலாமா?

ஜாசின் பட்டணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை, இரவு பத்து மணி. தேத்தண்ணிக் கிளாஸில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து ஒரு தம்பி போக்கர் ஆடிக்கொண்டிருந்தார். தாத்தா புக்கிட் ஆசாஹான் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பேரனுக்கு ஆயர் குரோ பக்கம் ஷிப்ட் வேலை. “அண்ணே, இது வெறும் லக்தான். சீட்டு நல்லா விழுந்தா எவனையும் அடிக்கலாம்” என்றார். லயத்து வீடுகளை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த நம் பிள்ளைகள் பலரிடம் இதே பேச்சைக் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

நம்பிக்கை: போக்கர் முழுக்க அதிர்ஷ்டம்.

உண்மை: ஒரு கைக்கு அதிர்ஷ்டம், பல்லாயிரம் கைகளுக்குத் திறமை. இரண்டு ஏஸ் சேர்ந்து வருவது சராசரியாக 221 கைக்கு ஒரு தடவை. வந்தாலும், எதிரே ஒருவர் ஏதோ இரண்டு சீட்டோடு கடைசிவரை நின்றால், நூற்றுக்குச் சுமார் 15 தடவை ஏஸே தோற்கும். புதியவர் தேர்ந்தவரை அடிக்கும் இரவு இந்த இடுக்கில்தான் பிறக்கிறது. அது பொய்யில்லை, ஆனால் திறமைக்குச் சாட்சியும் இல்லை.

திறமையை அளக்க எத்தனை கை வேண்டும்? 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘லிப்ராடஸ்’ என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதியது. 20 நாள், 120,000 கைகள். அதிர்ஷ்டத்தைக் கழிக்க ஓர் ஏற்பாடும் செய்தார்கள்: ஒரு மேசையில் மனிதருக்கு விழுந்த சீட்டு இன்னொரு மேசையில் கணினிக்கு விழும். கடைசியில் நால்வரையும் கணினி வென்றது. ஓர் இரவுக்கு 100 கை ஆடும் நம் தம்பி 120,000 கையை முடிக்க மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். அவரோ வெள்ளிக்கிழமை ஜெயித்ததை வைத்து ஞாயிற்றுக்கிழமை இரட்டிப்பாகப் போடுகிறார்.

“கிறிஸ் மணிமேக்கர் ஜெயிக்கலையா அண்ணே?” என்பார்கள். ஜெயித்தார். டென்னசியைச் சேர்ந்த கணக்காளர், இணையத்தில் 86 டாலர் நுழைவுப் போட்டி வழியாக உள்ளே வந்து, 2003 உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அந்தப் போட்டியில் 839 பேர். அடுத்த வருஷம் 2,576 பேர், 2006-இல் 8,773 பேர். ஒருவர் வென்ற கதைதான் அத்தனை பேரை இழுத்துவந்தது. பட்டம் வருஷத்துக்கு ஒருவருக்குத்தான்.

நம்பிக்கை: எதிரே இருப்பவரும் நம்மைப் போல ஒருவர்தான்.

சின்ன வயதில் தீபாவளி இரவில் லயத்து ஐந்தடியில் கோணிச் சாக்கை விரித்து இருபத்தொண்ணு ஆடுவார்கள். எந்த மாமாவுக்கு நல்ல சீட்டு வந்தால் மூக்கைத் தொடுவார் என்று பிள்ளைகளான எங்களுக்கே தெரியும். தோற்ற காசும் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். கைப்பேசித் திரையில் இருப்பதோ ஒரு புனைபெயர். தொழில்முறைக்காரர் ஒரே நேரத்தில் நாலைந்து மேசைகளில் உட்கார்வார். முக்கால்வாசி கைகளைப் பணம் போடாமலே எறிந்துவிடுவார். பதிவு வைக்கும் மென்பொருளுக்கு அனுமதி உள்ள தளங்களில், நீங்கள் எத்தனை கைக்குள் வருகிறீர்கள், எத்தனை தடவை பயந்து ஓடுகிறீர்கள் என்ற கணக்கு உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே அவருக்குத் தெரியும். நம் தம்பி தன் சீட்டைப் பார்க்கிறார், அவர் நம் தம்பியைப் பார்க்கிறார்.

இன்னொன்று, ஒவ்வொரு கையிலும் தளம் எடுக்கும் கமிஷன். ஆறு பேர் ஆளுக்கு 50 வெள்ளி, மொத்தம் 300 வெள்ளி. நடுவில் சேரும் 20 வெள்ளிக்கு 5 விழுக்காடு என்றால் கைக்கு ஒரு வெள்ளி. மணிக்கு 40 கைகளில் அப்படிப் பிடித்தால், புதுப்பணம் வராதவரை ஏழரை மணி நேரத்தில் மேசையே காலி. அத்தனை பேரும் சமபலம் என்றாலும் இதுதான் நடக்கும். ஒரு தொழில்முறைக்காரர் இருந்தால் மற்ற ஐவரும் இன்னும் சீக்கிரம் காய்வார்கள்.

“ஜெயித்த பணம் வந்து சேரும்” என்பதும் நம்பிக்கைதான். 1956 குடிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது. தளம் தரமறுத்தால் எந்த நீதிமன்றப் படியிலும் ஏற முடியாது.

அன்றிரவு தம்பியை வங்கிக் கணக்கைத் திறக்கச் சொன்னேன். ஜெயித்த 900 வெள்ளி அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. போட்ட பணம் ஐம்பதும் நூறுமாகச் சிதறிக் கிடந்தது, பெரும்பாலும் சம்பளம் வந்த நாலு நாளுக்குள். கூட்டிக்கொண்டே வந்தவர் 2,000 தாண்டியதும் கூட்டுவதை நிறுத்திவிட்டார். கிரெடிட் கார்டிலும் கடன் இருப்பதாக அப்போதுதான் சொன்னார். இன்னும் நாலு கை ஆடி அதை அடைக்கலாம் என்று நினைத்திருக்கிறார். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. இருக்கிறது, கடன் ஆலோசனைக்கு அங்கே கட்டணம் இல்லை. வரும் லீவு நாளில் இருவருமாகப் போகிறோம்.