பட்டுப்போன நினைவு மரங்கள்: ரம்பத்தை எடுக்கும் முன்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னுக்கு மேற்கே ஒரு சிற்றூரில் குடியேறியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “எங்கள் ஊருக்குள் வரும் சாலையின் இருபுறமும் முதல் உலகப்போருக்குப் போன உள்ளூர்க்காரர்களின் நினைவாக நட்ட எல்ம் மரங்கள் நிற்கின்றன. பல பட்டுப்போய்விட்டன. பெயர்த்தகடுகளில் பாதியைக் காணோம். சீரமைப்புக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். மொத்தமாக வெட்டிவிட்டுப் புதிதாக நடலாம் என்கிறார்கள் சிலர். ஒரு கிளையைக்கூடத் தொடக்கூடாது என்கிறார்கள் மற்றவர்கள். எங்கிருந்து தொடங்குவது?”

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டு தரப்பின் பேச்சையும் கொஞ்ச காலம் ஒத்திவைக்கச் சொல்லுங்கள். ஓர் ஆளுக்கு ஒரு மரம், அந்த மரத்துக்கென்று ஓர் இடம் என்ற ஏற்பாடுதான் உங்கள் நினைவுச்சின்னம். எந்த மரமும் ஒருநாள் சாகும். எந்த இடம் யாருடையது என்பது ஊருக்குத் தெரிந்திருக்கும்வரை, அங்கே அடுத்த மரத்தை நட்டுக்கொள்ளலாம். அது மறந்துபோனால் எத்தனை அழகாக நட்டாலும் அது வெறும் சாலையோர நிழல்தான். ஆகவே முதல் வேலை பெயர்ப் பதிவேடு. அடுத்தது மண். அதற்குப் பிறகுதான் ரம்பமும் நாற்றும்.

மரத்தை ஏன் நட்டார்கள் என்பதைக் குழுவிலுள்ள எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. அப்போது ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை 50 லட்சத்துக்கும் குறைவு. அதிலிருந்து ஏறத்தாழ 4,16,000 பேர் படையில் சேர்ந்தார்கள். கட்டாய ஆள்சேர்ப்பு வேண்டுமா என்று 1916இலும் 1917இலும் மக்களிடம் வாக்கெடுத்தபோது இரண்டு முறையும் வேண்டாம் என்றே முடிவானது. எனவே கடல் கடந்து போனவர்கள் தாமாக முன்வந்தவர்கள். 60,000க்கும் அதிகமானோர் திரும்பவில்லை. இறந்தவர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவருவதில்லை என்பது அன்றைய பிரிட்டிஷ் பேரரசின் கொள்கை. பிரான்சிலோ துருக்கியின் கலிப்போலியிலோ புதைக்கப்பட்ட மகனின் கல்லறையை, விக்டோரியாவின் ஒரு பண்ணையில் இருந்த தாய் பெரும்பாலும் பார்க்கவே இல்லை. அவள் போய் நிற்பதற்கு இருந்த இடம் இந்த மரத்தடி.

விக்டோரியாவின் பல்லாரட் நகரில் லூக்காஸ் என்ற ஆடைத் தொழிற்சாலையின் பெண் ஊழியர்கள் முன்னின்று, 1917 முதல் 1919 வரை 3,771 மரங்களை ஏறத்தாழ 22 கிலோமீட்டருக்கு நட்டார்கள். பதவி வரிசை பார்க்கவில்லை. யார் முதலில் படையில் சேர்ந்தாரோ அவருக்கு முதல் மரம். அதே மாநிலத்தின் பேக்கஸ் மார்ஷ் ஊரில் 1918 ஆகஸ்ட் 10 அன்று ஊதுகொம்பு ஒலித்ததும் 281 எல்ம் கன்றுகளை ஒரே நேரத்தில் குழியில் இறக்கினார்கள். இப்படிப்பட்ட வரிசையில் ஒரு மரம் இடம் மாறினாலும் அந்த ஊர் சொல்ல வந்தது மாறிவிடும். உங்கள் சாலையின் வரிசை எந்த அடிப்படையில் அமைந்தது என்பதை ஆரம்பத்திலேயே கண்டுபிடியுங்கள். இன்னொன்று: பல ஊர்களில் இறந்தவர்களுக்கு மட்டுமல்லாமல், போய்த் திரும்பியவர்களுக்கும் செவிலியருக்கும் மரம் நட்டிருக்கிறார்கள். எல்லாப் பெயரும் இறந்தவர் பெயர் என்று நினைத்துப் பலகை எழுதிவிடாதீர்கள்.

பதிவேட்டை இப்படித் தொடங்குங்கள். சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நாடாவோடு நடந்து, ஒவ்வொரு இடத்துக்கும் எண் கொடுங்கள். நிற்கும் மரம், அடிக்கட்டை, வெற்றிடம் எல்லாவற்றுக்கும் எண் வேண்டும். மரங்களுக்கு இடையே உள்ள தூரம் ஒரே சீராக இருக்குமென்பதால், எங்கே எத்தனை மரம் காணாமல் போயிருக்கிறது என்பதை நாடாவே காட்டிவிடும். பிறகு காகிதம். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் அந்தக் கால உள்ளூர்ச் செய்தித்தாள்களைத் தேடலாம். நடுகை விழாச் செய்தியில் யாருடைய மரத்தை யார் நட்டார்கள் என்ற பட்டியலே சில சமயம் கிடைக்கும். உள்ளாட்சி மன்றமான கவுன்சிலின் பழைய கூட்டக் குறிப்புகள், பள்ளியிலும் தேவாலயத்திலும் மாட்டியிருக்கும் கௌரவப் பலகைகள், முன்னாள் படையினர் சங்கமான ஆர்.எஸ்.எல். கிளையின் பெட்டிகள், பழைய குடும்பங்களின் புகைப்படங்கள் என எதையும் விடாதீர்கள். கிடைத்த ஒவ்வொரு பெயரையும் தேசிய ஆவணக் காப்பகத்தின் படைக் கோப்புகளோடு ஒப்பிடுங்கள். முதல் உலகப்போர்க் கோப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் இறந்தோர் பட்டியலையும், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவையும் பாருங்கள். வயதை மறைத்தும் வேறு பெயரிலும் சேர்ந்தவர்கள் உண்டு. எழுத்து மாறிய பெயர்கள் ஏராளம்.

இங்கே ஒரு கண்டிப்பு தேவை. ஆதாரம் இல்லாமல் எந்த இடத்துக்கும் பெயர் சூட்டாதீர்கள். “அநேகமாக இவர்தான்” என்று ஒருமுறை தகட்டில் பொறித்துவிட்டால் அடுத்த தலைமுறை அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். பெயர் உறுதியாகாத இடத்தில் எண்ணை மட்டும் நிறுத்துங்கள்.

அன்றைக்கே விடுபட்ட பெயர்களும் இருக்கும். முதல் உலகப்போரில் ஏறத்தாழ ஆயிரம் பழங்குடி மக்கள் ஆஸ்திரேலியப் படையில் இருந்தார்கள். அவர்களுடைய ஊர்களின் பட்டியலில் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடவில்லை. உங்கள் பகுதியின் பூர்வகுடி அமைப்பிடம் போய்க் கேளுங்கள். சேர்க்க வேண்டியவர் தெரியவந்தால் மரம் நட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் பழைய வரிசைக்கு நடுவில் செருகாமல், வரிசையின் முடிவில் நட்டு, எந்த ஆண்டில் சேர்த்தது என்பதைத் தகட்டிலேயே எழுதுங்கள். தாமதமாகச் சேர்த்தோம் என்ற உண்மையும் அந்த ஊரின் வரலாறுதான்.

பதிவேட்டு வேலை நடக்கும்போதே ஆர்பரிஸ்ட் எனப்படும் மர நிபுணர் ஒருவரை அழையுங்கள். ஆலோசனை அறிக்கை தருபவருக்கு ஐந்தாம் நிலைத் தகுதி இருக்க வேண்டும். முக்கியமாக, வெட்டும் வேலையை எடுக்கும் நிறுவனமே அறிக்கையும் எழுத விடாதீர்கள். ஒவ்வொரு மரத்துக்கும் இனம், தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம், உடல்நிலை, எஞ்சியிருக்கும் ஆயுள், கீழே யார் நடமாடுகிறார்கள் என்ற விவரம் தனித்தனியாக வர வேண்டும். “மரங்கள் வயதானவை, அகற்றலாம்” என்ற ஒரு வரி அறிக்கையை ஏற்காதீர்கள். உச்சி காய்ந்திருப்பதும் அடிமரம் உள்ளே பொள்ளலாக இருப்பதும் மரணத் தீர்ப்பு ஆகாது. சுற்றிலும் நல்ல மரத்தசை போதிய கனத்தில் இருந்தால் பொந்து விழுந்த எல்ம் இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். அந்தக் கனத்தை ஒலி அலைக் கருவியாலோ மெல்லிய துளை ஊசியாலோ அளந்து சொல்ல முடியும்.

சாலையோர மரங்களின் நோய் பெரும்பாலும் மண்ணில்தான் தொடங்குகிறது. மரத்தடியில் கார் நிறுத்தி நிறுத்தி மண் இறுகிப்போய், காற்றும் நீரும் வேருக்குப் போவதில்லை. குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டிய பள்ளங்கள் வேரை அறுத்திருக்கும். புல்வெட்டும் நாடாக் கருவி அடிப்பட்டையைச் சுற்றிச் சீவியிருக்கும். இவற்றோடு 1997 முதல் 2009 வரை நீண்ட வறட்சியையும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் மரங்கள் தாங்கியிருக்கின்றன.

எவ்வளவு இடத்தைக் காக்க வேண்டும் என்பதற்கு ஆஸ்திரேலியத் தர விதி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அடிமர விட்டத்தைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள எல்முக்கு எல்லாப் பக்கமும் 9.6 மீட்டர். இதைக் கேட்டதும் குழுவில் பலர் மலைப்பார்கள். சாலையின் தார்ப்பரப்பும் பக்கத்து வேலியும் அதற்குள் வந்துவிடும். முழுவதும் கிடைக்காவிட்டாலும், கிடைக்கும் பக்கத்தையாவது காப்பாற்றுங்கள். கார் ஏறாதபடி தடுப்புக் கட்டைகள் ஊன்றுங்கள். புல்லை நீக்கி மரச்சில்லுகளால் 75 முதல் 100 மில்லிமீட்டர் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். அது அடிமரத்தைத் தொடக்கூடாது, தொட்டால் பட்டை அழுகும். மண் மிகவும் இறுகியிருந்தால் அழுத்தக் காற்றால் வேரைக் காயப்படுத்தாமல் இளக்கும் கருவி இருக்கிறது. கோடையில் தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக ஊற நனைப்பது நல்லது. இதை இரண்டு கோடை செய்துவிட்டு மறுபடி நிபுணரிடம் காட்டுங்கள். உடனடி ஆபத்து உள்ள மரங்களைத் தவிர மற்றவற்றின் விதியை அப்போது தீர்மானித்தால் போதும்.

எல்ம் என்பதால் கூடுதலாக ஒன்று. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் டச்சு எல்ம் நோயால் கோடிக்கணக்கான எல்ம்கள் செத்தன. அந்த நோய் ஆஸ்திரேலியாவுக்குள் இதுவரை வந்து நிலைக்கவில்லை. உங்கள் ஊர்ச் சாலையில் நிற்பது போன்ற முதிர்ந்த எல்ம் வரிசை உலகிலேயே அரிதாகிவிட்டது என்பதைக் கவுன்சிலிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஆனால் எல்ம் இலை வண்டு 1989 முதல் விக்டோரியாவில் இருக்கிறது. கோடையில் இலைகள் சல்லடையாகிப் பழுப்பேறினால் அதன் வேலை என்று கொள்ளலாம். ஆண்டுக்கு ஆண்டு இலையை இழக்கும் மரம் இளைத்துப்போகும். மண்ணிலோ அடிமரத்திலோ மருந்து செலுத்தி இதைக் கட்டுப்படுத்தலாம். உரிமம் பெற்றவர் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு கிளை திடீரென வாடித் தொங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள், டச்சு எல்ம் நோயாக இருக்கலாம் என்பதால் மாநில வேளாண் துறைக்கு அன்றே தெரிவியுங்கள்.

கவாத்து பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காய்ந்த கிளையை, அது அடிமரத்தோடு சேரும் கழுத்துப் பகுதி சேதமாகாமல் வெட்ட வேண்டும். தலையை மொட்டையடிப்பது கூடவே கூடாது. வெட்டுக்காயத்தில் சாயம் பூசத் தேவையில்லை. மின்கம்பிக்காக நடுவை V வடிவில் குடைகிறார்கள் என்றால், கம்பிகளை உறையிட்டு ஒன்றாகக் கட்டவோ நிலத்தடியில் கொண்டுபோகவோ மின் நிறுவனத்திடம் கேளுங்கள். செலவு அதிகம்தான், ஆனால் நல்ல கிளைகளை இழக்காமல் இருக்க வேறு நிரந்தர வழி எனக்குத் தெரியவில்லை.

இனி மறுநடவு. பெரிய மரங்கள் இரண்டுக்கு நடுவே ஒரு கன்றை வைத்தால் மேலே வெளிச்சமும் கீழே ஈரமும் கிடைக்காமல் அது நோஞ்சானாகவே நிற்கும். ஒற்றை வெற்றிடம் என்றால் பெயர்த்தகட்டை மட்டும் நட்டு, பக்கத்து மரத்தின் காலம் முடியும்வரை காத்திருப்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. தொடர்ந்து நான்கைந்து இடங்கள் காலியாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பகுதி பகுதியாகச் சில ஆண்டுகளில் நடுங்கள். மொத்தச் சாலையையும் ஒரே குளிர்காலத்தில் வெட்டி நடும் யோசனையை நான் எதிர்க்கிறேன். நல்ல மரத்தை வெட்டுவதற்கு வரிசை அழகு ஒரு காரணமாகாது.

இனத்தை மாற்றாதீர்கள். மாற்றுவதற்கு நியாயமான காரணம் ஒன்றே: அந்த இனம் அந்த மண்ணில் வாழ முடியாது என்று தெளிவாவது. பெர்த்தின் கிங்ஸ் பார்க்கில் 1919இல் நட்ட ஓக் மரங்கள் அங்குள்ள மண்ணையும் வெயிலையும் தாங்காததால், பின்னர் யூகலிப்டஸ் வகைகளுக்கு மாறினார்கள். நினைவு அதனால் குறைந்துவிடவில்லை. உங்கள் எல்ம்கள் நூறாண்டு வாழ்ந்து காட்டியவை. அந்த மரங்களிலிருந்தே வாரிசு எடுப்பது இன்னும் சிறப்பு. வேரிலிருந்து முளைக்கும் பக்கக்கன்றுகளைத் தோண்டி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அடிமரத்தில் ஒட்டுக் கட்டிய தடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒட்டுமரத்தின் வேர்க்கன்று மேலே இருக்கும் மரத்தின் வாரிசாக இருக்காது. அப்படியானால் கிளையிலிருந்து தண்டு எடுத்து நாற்றுப்பண்ணையில் வளர்க்கக் கொடுங்கள்.

கன்று வாங்கும்போது வேர் தொட்டிக்குள் சுருண்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள். வேர் விரியும் கழுத்து மண்மட்டத்தில் தெரிய வேண்டும், ஆழமாகப் புதைத்த கன்று பிழைப்பது கடினம். தாங்குகோலை இறுக்கிக் கட்டாமல், ஓராண்டில் எடுத்துவிடுங்கள். குறைந்தது இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆளும் பணமும் உறுதியான பிறகே நடவு நாளைக் குறியுங்கள். புகைப்படத்துக்கு நட்டுவிட்டு ஜனவரி வெயிலில் காயவிட்டால், அது அந்தப் பெயருக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

வெட்டியே தீர வேண்டிய மரம் என்றால், அந்தப் பெயருக்குரிய குடும்பத்தைத் தேடிப்பிடித்து முன்கூட்டியே சொல்லுங்கள். விரும்பினால் மரத்துண்டைக் கொடுங்கள். போர் நினைவு நாட்களான ஏப்ரல் 25க்கும் நவம்பர் 11க்கும் நெருங்கிய நாட்களில் ரம்பம் ஓட வேண்டாம்.

பெயர்த்தகடுகளில் கைவைக்கும் ஆர்வம் எல்லோருக்கும் வரும். வெண்கலத்தைத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவினால் போதும். அமிலம், கம்பித் தூரிகை, பளபளக்க வைக்கும் பசை எதுவும் வேண்டாம். புதுத் தகட்டை மரத்தில் ஆணி அடித்து மாட்டாமல், தரையில் ஊன்றிய தூணில் பொருத்துங்கள். பழைய தகடு ஒன்றை மரம் விழுங்கிவிட்டிருந்தால் அதைத் தோண்டி எடுக்காதீர்கள். புகைப்படம் எடுத்துப் பதிவேட்டில் சேர்த்துவிட்டு, பக்கத்தில் புதியதை நிறுத்துங்கள்.

அனுமதி, பணம் இரண்டுக்கும் கவுன்சில்தான் வாசல். சாலை மாநில அரசுடையதா கவுன்சிலுடையதா, மாநிலப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பட்டியலில் இருந்தால் மரத்தைத் தொடுவதற்கே அனுமதி தேவைப்படலாம். போர் நினைவுச்சின்னங்களையும் நினைவு மரச்சாலைகளையும் சீரமைக்க விக்டோரியா அரசு தனி மானியம் அறிவிப்பதுண்டு. மத்திய அரசின் முன்னாள் படையினர் துறையிலும் மானியம் உண்டு. அடிலெய்டைச் சேர்ந்த ட்ரீநெட் அமைப்பு நாடு முழுவதும் உள்ள இத்தகைய சாலைகளைப் பதிவு செய்துவருகிறது, உங்கள் பதிவேட்டை அவர்களுக்கும் அனுப்புங்கள்.

எல்ம் கன்றை வெறும் வேரோடு நடும் பருவம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நல்ல கன்றுகளுக்கு நாற்றுப்பண்ணையில் ஓராண்டுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். எனவே வரும் குளிர்காலத்தில் நடுவதற்கு அவசரப்படாதீர்கள். அதற்கு அடுத்த குளிர்காலத்தைக் குறியுங்கள். முதல் கூட்டத்திலேயே இரண்டு வேலைகளை ஒப்படையுங்கள்: ஒருவர் நாடாவோடு சாலையை அளக்கட்டும், இன்னொருவர் மரத்தடியில் கார் நிறுத்துவதைத் தடுக்கச் சொல்லிக் கவுன்சிலுக்கு மனு எழுதட்டும்.