பஸ்ஸுக்கு மட்டும் ஒரு ரோடு

ஆம்புலன்ஸ் வந்தால் எல்லோரும் ஒதுங்கி வழி விடுகிறோம். ஆனால் 60 பேர் ஏறின பஸ்ஸுக்கு யாராவது வழி விடுகிறார்களா? சில ஊர்களில் பஸ்ஸுக்கென்றே தனி ரோடு போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பார்ப்போம்.

எங்கே தொடங்கியது?

பிரேசில் நாட்டில் குரிடிபா என்ற நகரம் உள்ளது. அதன் மேயராக இருந்த ஜெய்மி லெர்னர், கட்டிடக்கலை படித்தவர். தரைக்கு அடியில் ரயில் விட நிறையப் பணம் வேண்டும். அதனால் 1974இல் ரோட்டின் நடுவே பஸ்ஸுக்குத் தனிப் பாதை ஒதுக்கினார்கள். அதைப் பார்த்து 2000இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரிலும் தொடங்கினார்கள்.

ஏன் நடுவில்?

ரோட்டு ஓரத்தில் என்றால் கடைக்கு வந்த வண்டி நிற்கும், ஆட்டோ நிற்கும், சந்திலிருந்து சைக்கிள் வரும். நடுவில் இந்தத் தொல்லை குறைவு. டிக்கெட்டை ஸ்டாப்பிலேயே எடுத்துவிட வேண்டும். பஸ்ஸின் தரையும் ஸ்டாப்பின் தரையும் ஒரே மட்டம். படி ஏற வேண்டாம். வயசான ஆச்சிகூட சுலபமா ஏறிக்கிடலாம்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு காரில் 2 பேர் என்றால், 60 பேருக்கு 30 கார் வேண்டும். ஒரு கார் 4 மீட்டர் என்றால் 30 கார் வரிசையாக நிற்க 120 மீட்டர். பஸ்ஸின் நீளமோ சுமார் 12 மீட்டர்தான்!

நம் நாட்டில்

அகமதாபாத்தில் 2009 அக்டோபரில் 'ஜன்மார்க்' தொடங்கியது. மக்கள் பாதை என்று பொருள். அது இன்றும் ஓடுகிறது. கர்நாடகாவில் ஹுப்ளியையும் தார்வாடையும் இணைத்தும் இப்படி ஒரு பாதை உண்டு.

டெல்லியில் நடந்தது வேறு. 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. போட்டார்கள். பஸ்ஸில் போனவர்களுக்கு நேரம் மிச்சம். காரில் போனவர்களுக்கு நெரிசல். சிக்னலில் ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருந்தது. வழக்குப் போட்டார்கள். 2012இல் உயர்நீதிமன்றம் அந்தப் பாதையை நிறுத்த மறுத்தது. ஆனாலும் எதிர்ப்பு ஓயவில்லை. 2016இல் இடித்துவிட்டார்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நகரத்தையும் புறநகரையும் இணைக்க 12 கி.மீ. கான்கிரீட் தடம் உள்ளது. அதன் முதல் பகுதியை 1986இல் திறந்தார்கள். பஸ்ஸின் பக்கவாட்டில் உள்ள சிறு சக்கரங்கள் தடத்தை ஒட்டியே உருளும். அங்கே டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பவே வேண்டாம்!

நமக்கு என்ன?

மணிமுத்தாறுக்கு மேலே நம்ம மலைப்பாதையில் தனிப் பாதைக்கு இடமே கிடையாது. ஆனால் 2024இல் தோட்ட வேலை நின்ற பிறகு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் கீழேதான் போக வேண்டியிருக்கிறது. சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு பஸ்தான் வண்டி. ரோடு போட வரி எல்லோரும்தான் கட்டுகிறோம். சோப்பு வாங்குகிறவர்களும்தான். அப்படியானால் ரோட்டில் யாருக்கு எவ்வளவு இடம்? வண்டிகளை எண்ணிப் பிரிப்பதா, ஆட்களை எண்ணிப் பிரிப்பதா? ஆட்களை எண்ண வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் கருத்தை எழுதி இந்தத் தாளின் பக்கத்தில் ஒட்டுங்கள்.



– 9ஆம் வகுப்பு மாணவி