இடம் மாறும், எண் மாறாது!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் காலையை நினைத்துப் பாருங்கள். 2024-இல் அந்தத் தேர்வை எழுதியவர்கள் ஏறக்குறைய 9 லட்சம் பேர். அவர்களோடு அப்பா, அம்மா, மாமா என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பதிவெண்ணைத் தட்டுகிறார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தைத் தாங்கும் சர்வர்கள் வரிசை வரிசையாக இருக்கும் இடம்தான் தரவு மையம். சென்னை பெருங்குடியில் எல்காட் நிறுவனம் நடத்தும் மாநிலத் தரவு மையம் அப்படிப்பட்ட ஒன்று.

வர்ச்சுவல் மெஷின்னா என்ன?

ஒரே சர்வருக்குள் மென்பொருளால் பல கம்ப்யூட்டர்களை உருவாக்கலாம். ஒவ்வொன்றும் தனி மெஷின் மாதிரியே வேலை செய்யும். இதுதான் வர்ச்சுவல் மெஷின். தமிழில் மெய்நிகர் கணினி என்பார்கள். சர்வரில் சுமை ஏறினாலோ, ரிப்பேர் வேலை வந்தாலோ, உள்ளே ஓடும் மெஷினை அப்படியே வேறு சர்வருக்கு மாற்றலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகத்தை நகல் எடுப்பார்கள். அதற்குள் மாறிய பகுதியை மறுபடி நகல் எடுப்பார்கள். கடைசியில் கண நேரம் நிறுத்தி, புது இடத்தில் ஓட விடுவார்கள்.

சிக்கல் எங்கே?

மெஷின் இடம் மாறினாலும் அதன் ஐ.பி. எண் மாறக் கூடாது. மாறினால் நடந்துகொண்டிருக்கும் இணைப்பு எல்லாம் அறுந்துவிடும். ஆனால் எண் அதேதான் என்றால், புது இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம்ம ஊர் டேனரியைப் பாருங்கள். ஒரு லாட் தோல் டிரம்மில் இருந்து ஷேவிங்குக்குப் போகும், பிறகு சாயத்துக்கு, பிறகு காய வைக்க. லாட் நம்பர் மட்டும் மாறாது. அது இப்போ எங்கே இருக்கு என்பது ரிஜிஸ்டரில் இருக்கும். ரிஜிஸ்டரில் எழுதாமல் விட்டால், தேடிப் போனவர் காலி டிரம் முன்னால்தான் நிற்பார்!

தீர்வு என்ன?

2009-இல் அமெரிக்காவின் சான் டியேகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு ‘போர்ட்லேண்ட்’ என்ற முறையை வெளியிட்டது. அதில்:

1. ஒவ்வொரு மெஷினுக்கும் மாறாத ஐ.பி. எண் உண்டு. தனியாக ஓர் இட எண்ணும் உண்டு. எந்தத் தொகுதி, எந்த ஸ்விட்ச், எந்த போர்ட், எத்தனையாவது மெஷின் என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

2. இரண்டையும் இணைக்கும் ரிஜிஸ்டர் ஒரு பொது நிர்வாகியிடம் இருக்கும்.

3. மெஷின் இடம் மாறியதும் தானே அறிவிப்பு அனுப்பும். நிர்வாகி ரிஜிஸ்டரைத் திருத்தி, பழைய ஸ்விட்ச்சுக்கும் சொல்லிவிடும்.

4. தெரியாமல் பழைய இடத்துக்குத் தகவல் அனுப்புபவருக்கு, பழைய ஸ்விட்ச் புது இட எண்ணைச் சொல்லும்.

டிராஃபிக் நெரிசல்

சாயங்காலம் ஷூ கம்பெனி வண்டிகள் எல்லாம் ஒரே ரோட்டில் இறங்கினால் ஆம்பூர் என்ன ஆகும்? தரவு மையத்திலும் அதே கதைதான். அதனால் இரண்டு சர்வர்களுக்கு இடையே சம தூரமுள்ள பல வழிகளை அமைக்கிறார்கள். அனுப்புபவர், பெறுபவர் எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டு வழியைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரே உரையாடலின் தகவல்கள் ஒரே வழியில் போவதால் வரிசை குலையாது. ஆனால் இரண்டு பெரிய உரையாடல்கள் ஒரே வழியில் மாட்டினால், பக்கத்து வழி காலியாக இருந்தும் நெரிசல்தான். அதைக் கவனித்து ஒன்றை மாற்றிவிடும் ‘ஹெடெரா’ என்ற முறை 2010-இல் வந்தது.

ஆக, சர்வர்கள் எத்தனை வாங்கினாலும் போதாது. எது எங்கே இருக்கு என்ற ரிஜிஸ்டர் சரியாக இருக்க வேண்டும், வழிகளும் பகிரப்பட வேண்டும். இல்லாவிட்டால் நம் மார்க் சர்வரில் பத்திரமாக இருந்தும் நம் கைக்கு வராது!

யோசியுங்கள்: அந்த ரிஜிஸ்டர் வைத்திருக்கும் நிர்வாகியே பழுதானால் என்ன செய்வது? விடையை எழுதி கணினி ஆசிரியரிடம் கொடுங்கள்.

– பிளஸ் ஒன், கணினி அறிவியல் பிரிவு