ஹெட்போனுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா?

தோழியரே, பாட்டுக் கேட்கவும் ஆங்கில உச்சரிப்புப் பழகவும் முதன்முதலாக ஹெட்போன் வாங்குவோர், "கூடவே ஆம்ப்ளிஃபயரும் வேண்டுமோ?" என்று கேட்பதுண்டு. நம் அன்னூர்த் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் அடி போர்வெல்லுக்கு உரிய மோட்டாரை முப்பது அடிக் கிணற்றில் யாரேனும் இறக்குவார்களா?

ஹெட்போனின் பெட்டியில் ஓம் கணக்கில் அதன் மின்தடை (நுட்பமாகச் சொன்னால் மின்மறுப்பு) அச்சிடப்பட்டிருக்கும். சாதாரண ஹெட்போன் 32 ஓம். கைப்பேசி 1 வோல்ட் தருவதாகக் கொள்வோம். வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் இதற்குச் சுமார் 31 மில்லிவாட் கிடைக்கிறது. 1997-இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 என்பது 300 ஓம்; அதற்குக் கிடைப்பதோ சுமார் 3 மில்லிவாட்தான். இதுதான் ஆழக் கிணறு. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்த 1 வோல்ட்டிலேயே அது 97 டெசிபல் ஒலி தரும் என்கிறது அதன் விவரக் குறிப்பு. கைப்பேசி அரை வோல்ட்டே தந்தாலும் 6 டெசிபல்தான் குறையும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சிறுவர்களுக்கு வகுத்த வரம்பு, வாரத்திற்கு 40 மணி நேரம், 75 டெசிபல். ஆகவே பெற்றோர் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண். நம் செவிக்கு ஆபத்தும் கூட. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. மோசமாகப் பதிவான பாட்டையும் அது இனிமையாக்காது. இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

புளூடூத் ஹெட்போனுக்குள் ஆம்ப்ளிஃபயர் ஏற்கெனவே இருக்கிறது. கம்பியுள்ளதில், ஒலியை முழுதும் கூட்டியும் மெலிதாகவே கேட்டால் மட்டும், கடையில் ஓர் ஆம்ப்ளிஃபயரைப் பொருத்திக் கேட்டுப் பார்த்து வாங்கலாம்.