பக்கத்து ஊரையும் சேர்த்துக்கொள்

அன்புத் தம்பிக்கு,

செட்டிநாட்டில் உங்கள் ஊருக்கும் வெளியூர்க்காரர்கள் வந்து தங்க என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். முதலில் பக்கத்து ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசு. வருகிறவர்கள் செட்டிநாட்டைப் பார்க்க வருகிறார்கள்; அது எந்த ஒரு ஊரின் எல்லைக்குள்ளும் அடங்குவதில்லை.

கானாடுகாத்தானில் தேக்குத் தூண்கள் நிற்கும் பெரிய வீடுகள் உண்டு. அந்த மாதிரி வீடுகளின் தரைக்கு டைல்ஸ் செய்வது ஆத்தங்குடி. கண்டாங்கிச் சேலை காரைக்குடியில். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குடைவரைக் கோயிலுக்குப் பிள்ளையார்பட்டி போக வேண்டும். 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதும் ஏதோ ஒரு மாளிகை அல்ல, இங்குள்ள ஊர்த் தொகுதிகள்தாம்.

ஆத்தங்குடிப் பட்டறை ஒன்றில் கொஞ்ச நேரம் நின்று பார். கண்ணாடித் தட்டின் மேல் சட்டம் வைத்து, பூ அச்சின் கண்களில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு, மணலும் சிமெண்டும் தூவி, மேலே சாந்து பூசுவார்கள். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பார்கள். சூளையே கிடையாது; டைல்ஸின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. இதைப் பார்த்து முடித்தவருக்குச் சாப்பாடும் படுக்கையும் பக்கத்து ஊரில் கிடைக்கும் என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால், பொழுது சாய்வதற்குள் கார் மதுரைக்குத் திரும்பிவிடும். ஓர் இரவு தங்கினால் சமையல்காரர், ஆட்டோக்காரர், நெசவாளர் எல்லோருக்கும் நாலு காசு கிடைக்கும்.

நம் பக்கத்தில் ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகிறது. வருமானமும் அப்படிப் போகட்டும்.

அதற்குச் சில ஏற்பாடுகள் வேண்டும். எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே வரைபடம் அச்சிட்டு, தங்கும் வீடுகள் எல்லாவற்றிலும் வையுங்கள். எந்த ஊரைச் சுற்றிக்காட்டுவதானாலும் அந்த ஊர்ப் பிள்ளைகளே வழிகாட்டட்டும். அறை வாடகையில் ஒரு பங்கைப் பொதுநிதியாக ஒதுக்கி, ஊருணி, கழிப்பறை, குப்பை மூன்றையும் கவனியுங்கள். பெரிய வீடுகள் இல்லாத ஊருக்கும் அதில் சமபங்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் மனத்தாங்கல் வந்து கூட்டு உடையும். கோயிலிலும் குடியிருக்கும் வீட்டிலும் படம் எடுக்கலாமா என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் முடிவு செய்யட்டும். மற்ற ஊர்கள் அதை மதிக்கட்டும்.

முதல் கூட்டத்தை உங்கள் ஊரில் வைக்காதே. பக்கத்து ஊருக்கு நீயே போய், அவர்கள் சொல்வதை முதலில் கேள்.

அன்புடன்,
அண்ணன்