கட்டுவது கடைசி வழி

கேள்வி: மனநல அவசரப் பிரிவில் நர்சிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆள் பற்றாக்குறை. நோயாளி கத்தினாலே ஊழியர்கள் கட்டிப்போடப் பார்க்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, மதுரை

பதில்: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 97 இதில் கறார். உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடுதான் கட்டலாம். தண்டனையாகவோ, ஆள் இல்லை என்பதற்காகவோ கூடாது. காரணத்தையும் நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். தனியறையில் அடைப்பதற்கோ அனுமதியே இல்லை.

ஷிப்ட் தொடங்கும்போதே வேலையைப் பிரித்துவிடுங்கள்: நோயாளியிடம் பேசுவது யார், மற்றவர்களை விலக்குவது யார், டாக்டரை அழைப்பது யார். பேசுபவர் ஒருவர் மட்டுமே. தணிந்த குரலில், கை எட்டாத தூரத்தில். சம்பவம் முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். அடிபட்ட ஊழியரை முதலில் விசாரியுங்கள். குற்றம் தேடுவது பிறகு. கூடுதல் ஆள் வேண்டும் என்பதை நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தை நிற்காது.